எஸ்தரு, நெடுங்கரைக்குளத்துக்கு பஸ் போய்விட்டது

என் செல்லமே, என் வயிற்றெரிச்சலே, எஸ்தரு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தவரை எழுத வேண்டிய தேவையே வரவில்லை. எதிர் மேசைதானே, தலையைத் தூக்கினால் உன் முகம். இப்போது சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது, கேட்க நீ இல்லை. உன் கல்லறையில் வந்து சொல்லலாமென்று பாளையங்கோட்டைக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் எனக்கு முன்னாலேயே யாரோ வந்து பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பூவுக்குப் பக்கத்தில் என் பூவை வைக்க மனம் வரவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் உன்னைத் தனியாகப் பிடிக்க முடியவில்லையே, ஏட்டி.

செய்தி இதுதான். நெடுங்கரைக்குளத்துக்கு மினி பஸ் விட்டாயிற்று. மெயின் ரோட்டு விலக்கோடு நிற்கவில்லை, ஊருக்குள்ளேயே போய்த் திரும்பி வருகிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இரு, அதற்குள் சந்தோஷப்பட்டுவிடாதே. நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சந்தோஷப்படு.

நீ போன அடுத்த மாதமே என்னை உன் இருக்கைக்கு மாற்றி உத்தரவு வந்தது. பர்மிட் பிரிவின் மூத்த உதவியாளர். எந்த பஸ் எந்தத் தடத்தில் ஓடலாம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எந்த ஊர்க்காரர்களின் மனு என்ன ஆயிற்று என்று எல்லாக் கோப்பும் வந்து நிற்கிற மேசை. நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தேர்வுப் பட்டியலில் உன் பெயர் எனக்கு மேலே இருந்ததால் பதவி உயர்வு முதலில் உனக்கு வந்தது. வயதில் நான் மூத்தவள். அதற்கு ஆறுதலாகத்தானோ என்னவோ, உறவு எதுவும் இல்லாமலேயே முதல் நாளிலிருந்து என்னை, அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, ‘மயினி’ என்று கூப்பிட்டாய்.

அந்த நாற்காலிக்கு நான் ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆசைப்பட்டேன். ஆனால் இப்படி வர வேண்டுமென்று ஆசைப்படவில்லை.

உட்கார்ந்த முதல் நாளே ஒரு பஸ் முதலாளி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “எஸ்தர் அம்மா இல்லியா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார். பிறகு வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டார். அடுத்து வந்தவரும் உன்னைத்தான் கேட்டார். டீ கொண்டுவருகிற அண்ணாச்சி எனக்கு டீயை வைத்துவிட்டு, “அந்த அம்மைக்குச் சுக்குக் காப்பி போடுத நேரம் இது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக எனக்கும்தான் டீ கொடுக்கிறார். நான் சர்க்கரை போடாமல் குடிக்கிறவள் என்பது இன்றுவரை அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

உன்மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பது உனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். சிரிப்பாய். “மயினிக்கு மூக்கு செவக்குது” என்று பிரிவு முழுவதும் கேட்கிற மாதிரி சொல்வாய். அதற்கும் எல்லாரும் உன்னோடு சேர்ந்து சிரிப்பார்கள்.

நான் எழுதுகிற குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. நீ எழுதினால் ஒற்று எங்கே விழுகிறதென்று உனக்கே தெரியாது. மேலே போகுமுன் உன் குறிப்புகளைத் திருத்திக் கொடுப்பது நான். அதிகாரி கூப்பிட்டுப் பாராட்டுவது உன்னை. மனு கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் நின்று பேசுவார்கள், உன்னிடம் உட்கார்ந்து பேசுவார்கள். ஏன் என்று ஒருநாள் உன்னிடமே கேட்டேன். “நீங்க பைலப் பாத்துக்கிட்டே பேசுதிய மயினி. நான் ஆளப் பாத்துப் பேசுதேன். அவ்வளவுதான்” என்றாய். அவ்வளவுதானா? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். எங்கள் வீட்டுக்காரர் இருபது வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர். நீ கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு வந்தால் மட்டும் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவார். என் மகள் சுபா கல்லூரியில் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்ற விஷயத்தை முதலில் யாரிடம் சொன்னாள்? உன்னிடம். பெற்றவள் எனக்கு நீதான் வந்து பையப் பைய எடுத்துச் சொன்னாய். அன்றைக்கு எனக்கு மகள்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் வந்தது அதிகம். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது, சுபா இப்போது மாசமாக இருக்கிறாள். பெண் பிறந்தால் உன் பெயரை நடுவில் சேர்க்கப் போகிறாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது பார்க்க வந்த கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? டிரைவர்கள், கண்டக்டர்கள், மனு கொடுத்த ஊர்களிலிருந்து வந்த பெண்கள். ஆளுக்கொரு பை சாத்துக்குடி. நர்ஸ் என்னைப் பிடித்து, “யாருக்கா இவ்வோ, கட்சில இருக்காவளா?” என்று கேட்டாள். இல்லை, ஆபீஸில் உதவியாளர் என்றேன். அவள் நம்பவில்லை. மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்துக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் நீ பெயர் சொல்லி விசாரித்தாய். கூட்டம் வடிந்த பிறகுதான் எனக்கு முறை வந்தது. கட்டிலில் உட்கார்ந்து உன் காலைப் பிடித்துவிட்டேன்.

“மயினி, நெடுங்கரைக்குளம் பைலு என்னாச்சி?” என்றாய்.

“ஈரல் வீங்கிக் கெடக்கே. இப்ப ஒனக்கு அதா முக்கியம்?”

“அந்த ஊர்ப் பொம்பளைய எல்லாம் பாவம் மயினி. நீங்களாவது ஒரு நட போய்ப் பாருங்க. பைல மட்டும் பாக்காதிய.”

இதுதான் நீ என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நல்லா இருங்க மயினி’ என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கடைசி நேரத்திலும் யாரோ ஊர்ப் பெண்களைப் பற்றித்தான் பேசினாய்.

அடக்கத்தன்றைக்குச் சர்ச்சுக்கு உள்ளே இடமில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். யார் யாரோ தேம்பித் தேம்பி அழுதார்கள். பாபநாசத்திலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வண்டி பிடித்துக் கொடுக்கச் சொன்னார் உன் வீட்டுக்காரர். அழுகிறவர்களை வேனில் ஏற்றிவிடுகிற வேலை எனக்கு. நான் அழவில்லை. அழுவதற்குக்கூட எனக்கு முன்னால் வரிசை நின்றது, எஸ்தரு. ‘நான் செத்தால் யார் வருவார்கள்?’ என்று வேன் கதவைச் சாத்தும்போது நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

சரி, பஸ் விஷயத்துக்கு வருகிறேன். கோப்பை எடுத்து முதலிலிருந்து படித்தேன். பாபநாசம் போகிற ரோட்டில் விலக்கு. அங்கிருந்து கால்வாய்க் கரையோடு வாழைத்தோட்டங்களுக்கு நடுவே உள்ளே போனால் ஊர். பஸ் உள்ளே போகலாம், திரும்ப இடமில்லை, ஆகவே விலக்கு வரைதான் அனுமதிக்கலாம் என்று பழைய ஆய்வாளரின் அறிக்கை. பஸ் ஓட்ட முன்வந்தவரும் அதற்கே சம்மதித்திருந்தார். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ‘ஏற்கலாம்’ என்று எழுதி மேலே அனுப்பினால் கோப்பு முடிந்தது. பேனாவை எடுத்துவிட்டேன். ‘பைல மட்டும் பாக்காதிய’ என்று நீ சொன்னது வந்து குறுக்கே நின்றது. உன்னைத் திட்டிக்கொண்டே மூடி வைத்தேன்.

புதிதாக வந்திருக்கிற ஆய்வாளர் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை போனேன். விலக்கில் இறங்கி வேண்டுமென்றே நடந்தேன். சித்திரை வெயில். எங்களுக்கு முன்னால் பீடி சுற்றுகிற பெண்கள் தலையில் இலைக்கட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த நாளுக்கு இலை வாங்கி வருகிறார்கள். ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். மாடத்தி என்று பெயர். கர்ப்பப்பை எடுத்து இன்னும் சரியாக ஆறவில்லையாம். அவளுடைய இலைக்கட்டை ஆய்வாளர் தம்பி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். நல்ல பையன்.

ஊருக்குள் போய்ப் பார்த்தால் பழைய அறிக்கை சரிதான். தெருவில் திரும்ப இடமில்லை. ஆனால் ஊர்க்கோடியில் ஒரு ரைஸ் மில், அதன் முன்னால் நல்ல அகலமான சிமெண்டுக் களம். தம்பி காலால் அளந்து பார்த்துவிட்டு, “தாராளமாத் திரும்பும்க்கா” என்றார். மில் முதலாளி பலவேசம் அண்ணாச்சி வெளியே வந்தார். வயதானவர், முரட்டுக் குரல்.

“பஸ்ஸு வேண்டாம்னா சொல்லுதேன்? வரட்டும். எங்க களத்துல ஏறப்பிடாது. நெல்லு காயப்போடுத எடம் அது.”

“களம் முழுக்க வேண்டாம் அண்ணாச்சி. தெக்கு ஓரம் மட்டும் போதும்” என்றேன்.

“இன்னைக்கு ஓரம்பிய. நாளைக்கு எடமே சர்க்காருக்குன்னு சொல்லுவிய. எனக்குத் தெரியாதா?”

நான் விடவில்லை. இடம் அவருடையதுதான், எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அறுவடை நாட்களில் பஸ் வெளியிலேயே நிற்கும், இதையெல்லாம் எழுத்தில் தருகிறோம் என்று விதி விதியாக எடுத்துச் சொன்னேன். தொண்டை வறண்டு போயிற்று. நான் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், முடியாது முடியாது என்று.

கிளம்பலாம் என்று திரும்பியபோது பின்னாலிருந்து கேட்டார். “முன்னால ஒரு புள்ள வந்துச்சே. கண்ணாடி போட்டுக்கிட்டு, சிரிச்ச மொகமா. அது வரலியா?”

“எஸ்தரா? அவ தவறிட்டா அண்ணாச்சி. மூணு மாசமாவுது.”

அவர் மில் படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பார்த்து, “ஏளா, இங்கன வா. அந்த ஆபீஸ் புள்ள போய்ட்டாம்” என்றார். அவர் மனைவி ஈரக்கையோடு ஓடி வந்து, நின்ற இடத்திலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “லீவு நாள்ல தனியா வந்து, பசிக்குதுன்னு உரிமையாக் கேட்டு, பழைய சோறும் துவையலும் வாங்கித் தின்னுட்டுப் போச்சே. அடுத்த நட வரும்போது கருவாட்டுக் கொழம்பு வேணும்னு சொல்லிட்டுல்லா போச்சு” என்றாள்.

லீவு நாளில் நீ தனியாக அங்கே போய் வந்ததை என்னிடம் சொல்லவே இல்லையே. ஏன் சொல்லவில்லை? கூப்பிட்டிருந்தால் நான் வர மாட்டேன் என்று நினைத்தாயா? வந்திருப்பேனோ மாட்டேனோ, கூப்பிட்டிருக்கலாம்.

அண்ணாச்சி எழுந்து, “எங்க கையெழுத்து போடணும்? அந்தப் புள்ள கேட்டதுன்னு நெனச்சுத் தாரேன்” என்றார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். “எஸ்தர் மேடம் இப்பவும் டூட்டி பாக்காங்கக்கா” என்று தம்பி சிரித்தார். அவர் ஆசையாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெயிலில் நடந்தவள் நான். விதியைப் படித்தவள் நான். வாதாடியவள் நான். நீ எப்போதோ தின்றுவிட்டுப் போன ஒரு கிண்ணம் பழைய சோறு ஜெயித்துவிட்டது. உயிரோடு இருக்கிறவளை உயிரோடு இருக்கிறவள் ஜெயிக்கலாம். உன்னோடு நான் எப்படிப் போட்டி போடுவது? இனிமேல் உனக்கு வயதாகப் போவதில்லை. எவரிடமும் எரிந்துவிழப் போவதில்லை. ஒற்றுப் பிழைகூட விடப் போவதில்லை.

அதற்குப் பிறகும் வேலை இருந்தது. களத்து ஓரத்தில் எல்லைக்கல் நட வேண்டும், புது அறிக்கை வாங்க வேண்டும், பஸ்காரரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இரண்டு தடவை மேலேயிருந்து கேள்வி கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. இரண்டு தடவையும் பதில் எழுதினேன். கடைசியில் உத்தரவு கையெழுத்தானபோது அதிகாரி என்னைக் கூப்பிட்டு, “எஸ்தர் ஆரம்பிச்ச வேலைய நல்லா முடிச்சிட்டீங்க” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

பஸ் விட்ட அன்று ஊரே விலக்கில் நின்றது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். மைக் செட்டில் பாட்டு. ஒன்றியத் தலைவர் கொடியசைத்தார். பக்கத்தில் பெரிய பிளெக்ஸ், அதில் உன் படம். ‘எங்கள் ஊருக்குப் பேருந்து தந்த எஸ்தர் அம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தை எங்கே பிடித்தார்கள் என்று பார்த்தேன். ஆபீஸ் பொங்கல் விழாவில் நாம் இருவரும் சேர்ந்து நின்ற படம். அதிலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். உன் தோளில் ஒரு கை இருக்கிறது. வளையலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அது என் கை.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, எஸ்தரு. நீ இருந்திருந்தால் உருண்டு உருண்டு சிரித்திருப்பாய்.

முதல் நடைக்கு எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். என்னைக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே தள்ளிவிட்டார்கள். ஜன்னலோரத்தில் மாடத்தி இருந்தாள், மடியில் இலைக்கட்டு. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வண்டி கால்வாய்க் கரையில் திரும்பியதும் கேட்டாள்.

“அந்த அக்காகூட வேல பாத்தவியதான நீங்க? கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாவளாக்கா?”

“கஷ்டப்பட்டாதான்” என்றேன். “ஒங்க ஊர் பஸ்ஸத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தா.”

மாடத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். “ஒங்களுக்கு அவ்வோ என்ன வேணும்?” என்றாள்.

ஆஸ்பத்திரியிலும் கல்லறைத் தோட்டத்திலும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கிறவள் என்று எல்லாருக்கும் தெரியும், அதோடு சரி. “நான் அவளுக்கு மயினி” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நான் உடைந்துவிட்டேன். அடக்கத்தன்றைக்கு வராத அழுகை அந்த மினி பஸ்ஸில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் வந்தது. மாடத்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பஸ் மில் களத்தின் தெற்கு ஓரத்தில் ஏறி ஒரே சுற்றில் திரும்பி நின்றது. பலவேசம் அண்ணாச்சி வீட்டில் எல்லாருக்கும் பானக்கரம் கொடுத்தார்கள். நானும் குடித்தேன்.

அதோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். தீரவில்லை. மறுநாள் ஆபீஸுக்குப் போனால் ஒரு டிரைவர் உன்னைத் தேடி வந்து நிற்கிறார். எனக்கு மூக்கு சிவந்தது.

ஆனால் போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வள்ளியூர்ப் பக்கம் பனையன்விளை என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் பஸ் கேட்டு வந்திருந்தார்கள். வாசலில் நின்று, “இங்க கோமதி அக்கான்னு யாரு?” என்று கேட்டார்கள். எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். டீ அண்ணாச்சிதான், “எம்மா, ஒங்களத்தான் கேக்காவ” என்றார்.

மாடத்தியின் அக்காவை அந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறதாம். மாடத்திதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்களை உட்கார வைத்தேன். மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஆளைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டேன். அவர்கள் பேசப் பேச இதை உடனே உன்னிடம் சொல்ல வேண்டும், உன் முகம் கொஞ்சமாவது சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று துடித்தேன். என்னைத் தேடி ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறாமைப்பட நீ இல்லாமல் போய்விட்டாயே, ஏட்டி. வேறு யாரிடம் போய் நான் பீற்றிக்கொள்வது?

கேள், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நெடுங்கரைக்குளம் உன்னுடையது. அங்கே யார் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்வேன், அந்த பிளெக்ஸ் கிழிந்தால் புதிது போட்டுக் கொடுப்பேன். ஆனால் பனையன்விளைக்கு வருகிற வாரம் போகிறேன். போய், யார் வீட்டிலாவது உட்கார்ந்து, பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிடுவேன். அங்கே உன் பெயரை எடுக்கவே மாட்டேன். அந்த ஊர் என்னுடையது.

வேண்டுமானால் நீ மூக்குச் சிவந்துகொள்.

பொறாமை கொஞ்சமும் குறையாத,
உன் மயினி
கோமதி